கோழிக்கு உகந்த தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகள் இனியா நன்றாக இருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தரையில் குப்புற விழுந்து என் செருப்பை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். குழந்தை பிழைத்ததா இல்லையா என்று கடைசிவரை உங்களைப் பதற வைக்கும் ஆசை எனக்கில்லை. நாங்கள் பதறியதே போதும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் இதை முழுதாகப் படிக்க வேண்டும்.

நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில், தார் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். முட்டைக் கோழிப்பண்ணை. என் மாமனார் ஒரு ஷெட்டில் ஆரம்பித்தது, இப்போது நான்கு ஷெட். என் கணவர் செந்தில் தீவனத்தையும் முட்டை லோடையும் பார்த்துக்கொள்கிறார். காகித வேலை என்னுடையது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் என்று என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்துவார் மாமா. அந்தப் படிப்பு என்ன லட்சணத்தில் பயன்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. பஞ்சாயத்துக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஒன்று. அதில் மருந்து வாடை அடிக்கிறது என்று மாமா வாயில் வைக்கமாட்டார். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அது. குடிக்கவும் சமைக்கவும் முதல் ஷெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் போர் தண்ணீர். கோழிகளும் அதைத்தான் குடிக்கின்றன. தண்ணீரில் கோளாறு இருந்தால் முட்டை குறையும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாட்டிலில் பிடித்துக் கோழி லேபுக்குக் கொடுத்துவிடுவோம். ரிப்போர்ட் என் போனுக்கு வரும். பிரிண்ட் எடுத்து ஃபைலில் போடுவேன். கூண்டுக்கு அடியில் விழும் எச்சத்தை வாரிக் கொட்டுகிற குப்பைமேடு அந்தப் போருக்கு மேட்டுப் பக்கம் இருந்தது. எரு லாரி வரும்வரை அங்கேயே கிடக்கும். மழைக்காலத்தில் லாரி உள்ளே வராது. மாதக்கணக்கில் நனைந்துகொண்டே கிடக்கும்.

இனியா பிறந்த ஐந்தாவது வாரம் எனக்கு மார்பில் சீழ்க் கட்டி வந்தது. அறுத்துச் சுத்தம் செய்தார்கள். மாத்திரை, காய்ச்சல், வலி என்று போனதில் பால் வற்றிவிட்டது. பவுடர் பாலுக்கு மாறினோம். புட்டிப்பால் கொடுப்பவள் என்றால் ஊரே வந்து சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் என்று தெரியும். அதனால் யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். தண்ணீரை ஐந்து நிமிடம் இல்லை, இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கலக்கினேன்.

இரண்டு வாரம் கழித்து, குளிப்பாட்டித் துடைக்கும்போது அவள் உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. நகமும் அப்படியே. செந்திலைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் வாசலுக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறோம். "ஷீட்டு வெளிச்சம் உழுகுது சுதா, அதான் அப்படித் தெரியுது" என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது. மறுநாள் காலையில் வயிற்றுப்போக்கு. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டாள். ஷீட் இல்லாத நடு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். நீலம்தான்.

நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நெஞ்சில் சளி இருக்கலாம் என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அங்கே பாலுக்குக் கேன் தண்ணீர்தான். மூன்றாவது நாள் இனியா நன்றாகச் சிவந்து, கையைக் காலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமா வாசலில் திருஷ்டி சுற்றிப் போட்டார். நான் சமையலறைக்குள் போய்ப் போர் தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்த நான்காவது நாள் மறுபடி நீலமானாள். இந்த முறை முகமே சாம்பல் பூத்திருந்தது.

சேலத்துக்கு ஓட்டினோம். ராசிபுரம் தாண்டும்வரை செந்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மாமா பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவள் மூச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

அங்கே மருத்துவமனையில் முதலில் சந்தேகப்பட்டது இதயத்தை. எக்கோ எடுத்தார்கள். ஸ்கேன் மாதிரித்தான், இதயத்தின் அறைகளும் வால்வுகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதற்கு வெளியே காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில், பக்கத்து நாற்காலியில் ஆத்தூர்க்காரர் ஒருவர் தன் பேரனுக்கு இதயத்தில் ஓட்டை என்று சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். அன்று நான் தின்ற ஒரே சாப்பாடு அதுதான். எங்களுடைய எக்கோ சுத்தமாக வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியில், தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண், எண்பத்தைந்திலேயே நின்றது. முழு ஆக்சிஜன் கொடுத்தும் ஒரு புள்ளி ஏறவில்லை. இதயமும் சரி, நுரையீரலும் சரி என்றால் பிள்ளை ஏன் நீலமாக இருக்கிறாள் என்று நான் கத்தினேன். அங்கிருந்த நர்ஸ், சிஸ்டர் ஸ்டெல்லா, என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார். இனியாவின் ரத்தத்தை ஊசியில் எடுத்ததும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பாக இல்லை. சாக்லேட் கரைத்த மாதிரி இருந்தது. வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதில் ஒரு சொட்டு விட்டார்.

"யாராவது ஒருத்தர் விரலக் குடுங்க" என்றார்.

செந்தில் அசைவதற்குள் மாமா கையை நீட்டிவிட்டார். அவருடைய சொட்டைப் பக்கத்தில் விட்டார்கள். காற்றுப் பட்டதும் மாமாவின் ரத்தம் பளிச்சென்று சிவந்தது. என் மகளுடையது அப்படியே பழுப்பாகக் கிடந்தது. மூன்று பேரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"குழந்தைக்கு என்ன பால்?"

"பவுடர் பாலுங்க" என்றேன்.

"எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?"

"போர் தண்ணிங்க. நல்லாக் கொதிக்க வெச்சுத்தானுங்க. இருவது நிமிசம்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியில கொறையே இருக்காதுங்க டாக்டரம்மா. டெஸ்ட் பண்ணுன தண்ணிங்க அது. மூணு மாசத்துக்கு ஒருக்கா லேபுக்குக் குடுத்தர்றமுங்க. அம்மிணி, உன்ற போன்ல ரிப்போர்ட் இருக்குமல்லோ, எடுத்துக் காட்டு சாமி."

எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா மெதுவாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது யாருக்காக எடுத்த ரிப்போர்ட்?"

"கோழிக்குங்க" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போல.

டாக்டரம்மா போனை என் பக்கம் திருப்பினார். நைட்ரேட் என்ற வரி. மனிதருக்கு விதித்த அளவை எப்போதோ தாண்டியிருந்தது. கோழி அதைத் தாங்கும். அதனால் அடியில் 'முட்டைக் கோழிகளுக்கு உகந்தது' என்று முத்திரை. அந்த முத்திரையை மட்டும் பார்த்து ஃபைலில் போட்டுக்கொண்டே இருந்தவள் நான். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், கரைந்த உப்பு போகாது என்பது முதல் வருடப் பாடம். இருபது நிமிடம் கொதித்ததில் தண்ணீர் ஆவியாகிச் சுண்ட, மிச்சத்தில் நைட்ரேட் இன்னும் கெட்டியானதுதான் மிச்சம். சுத்தக்காரி என்று பேரெடுக்க நான் செய்த வேலை அது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். எச்சத்திலிருக்கும் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழையோடு கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. அதற்கு நிறமோ வாசமோ கிடையாது. பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். சில மாதக் குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்கிவிடும். அது ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். செந்தில் பிறகு எங்கள் லோடு டிரைவருக்கு இதை விளக்கும்போது, "லாரியெல்லாம் ஓடுது, லோடுதான் ஏற மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான் விஷயம். வெளியிலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்ள ஆளில்லை.

இதற்கு மருந்து மெத்திலீன் ப்ளூ. கல்லூரி லேபில் அதைக் கையில் கொட்டிக்கொண்டு ஒரு வாரம் நீல விரலோடு திரிந்திருக்கிறேன். அந்தச் சாயத்தின் மருந்து வடிவத்தைத்தான் நீலமான குழந்தைக்கு நரம்பில் ஏற்றுவார்கள் என்று யார் கண்டது. அதற்கு முன்னால், ரத்த அணுவில் ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ஆபத்து என்பதால், குடும்பத்தில் யாருக்காவது மருந்து சாப்பிட்டு ரத்த அணுக்கள் உடைந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இல்லை. மருந்து அடிக்கடி தேவைப்படாதது, கையிருப்பில் இல்லை. ஊரின் இன்னொரு முனையில் இருப்பதாகப் போனில் தெரிந்ததும் செந்தில் ஓடினார். நான் எண்பத்தைந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எண்பத்துமூன்றானது. பிறகு எண்பத்திரண்டு. எந்தச் சாமியையும் கும்பிடத் தோன்றவில்லை. 'நீ இரு, நீ இரு' என்று மட்டும் அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். செந்தில் சட்டையெல்லாம் வேர்வையாக, பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

ஐந்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் உதடு சிவந்தது. அவள் வீறிட்டு அழுதாள். அத்தனை நாளில் நான் கேட்ட நல்ல சத்தம் அது.

"பயந்துறாதீங்க, இனிமே ரெண்டு நாளைக்கு ஒண்ணுக்குப் பச்சையாப் போவா" என்றார் சிஸ்டர் ஸ்டெல்லா. அப்படியே போனாள். பெயிண்ட் டப்பா கவிழ்ந்த மாதிரித் துணி. அதைப் பிடித்துக்கொண்டு நானும் சிஸ்டரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். சிரித்து முடித்து நான் அழுதேன். சிஸ்டர் துணியை வாங்கிக்கொண்டு போய் அவரே அலசி வந்தார்.

மாமா காத்திருப்பு அறையை விட்டு நகரவில்லை. டீ கூட வேண்டாமென்றார். இரண்டாம் நாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், "அந்த எடத்துல கொட்டச் சொன்னது நாந்தானுங்க அம்மிணி. மேட்டு எடம், தண்ணி நிக்காதுன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம் இருந்தது. அதைக் கொட்டலாமென்றுதான் போனேன். "ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டது நானுங்க மாமா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் சுமதியின் நினைப்பு எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. எங்களுக்குத் தாழ்ந்த பக்கம் அவர்கள் நிலம். குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், போட்டிருக்கிறார்கள். புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார். தாய் வீடு என்று ஒன்று இல்லாததால் சுமதி பிரசவத்துக்கு எங்கும் போகவில்லை. இனியாவை முதல் முறை நாமக்கல்லில் சேர்த்த அன்றுதான் அவளுக்குப் பெண் பிறந்தது. அவர்கள் குடிப்பது எங்கள் குப்பைமேட்டுக்குக் கீழிருக்கும் கிணற்றுத் தண்ணீர். உடனே போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். செந்தில் பில்லைப் பார்த்து இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காரில் ஏறியதும் நான் மூன்று விஷயம் சொன்னேன். குப்பைமேடு போக வேண்டும், இனி கூரை போட்ட சிமெண்ட் தளத்தில்தான் எரு. வீட்டில் குடிக்கக் காவிரித் தண்ணீர். சுமதிக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும்.

முதல் இரண்டுக்கும் மாமா தலையாட்டினார். அவர் போனில் சொல்லி டிப்பர் ஏற்கெனவே வந்து எருவை ஏற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"சொல்லோணுமுங்களா சாமி? கேன் தண்ணி வாங்கி வெச்சர்லாம். வாரா வாரம் நானே போட்டர்றேன். காரணஞ்சொல்லப் போனா பண்ணை பேரு என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு ஆராச்சும் மனு எழுதிப் போட்டா?"

"காரணஞ்சொல்லாமக் கேன் குடுத்தா கால் கழுவக்கூட எடுப்பாங்க மாமா. பாலுக்குக் கெணத்துத் தண்ணியத்தான் கொதிக்க வெப்பாங்க. நான் வெச்ச மாதிரி."

செந்தில் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்பா, அவ சொல்றது நாயந்தானுங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்பாவுக்கு எதிராக அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகாமல் சுமதி தோட்டத்தில் வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை.

இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் உள்ளே போனேன்.

"அக்கா! வாங்கக்கா. பாப்பா தேறிருச்சுங்களா? போன்ல சார்ஜே நிக்கமாட்டேங்குதுங்க, பேசக்கூட முடியல" என்று எழுந்தாள் சுமதி. தொட்டிலில் குழந்தை தூங்கியது. அலமாரியில் நான் வாங்கும் அதே பவுடர் டப்பா. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் அடுப்பை அணைத்தேன்.

"என்னங்கக்கா?"

"புட்டிப்பால் குடுக்கறியா?"

"பால் பத்தலீங்க. நாலு நாளா ரெண்டு வேளை மட்டும் குடுக்கறனுங்க."

"இந்தத் தண்ணியில வேண்டாம் சுமதி."

"நல்லாக் கொதிக்க வெச்சுத்தானுங்க குடுக்கறேன்."

அது என்னுடைய வாக்கியம். அப்படியே. வழியெல்லாம் வீரமாகப் பேசிக்கொண்டு வந்தவள், "தண்ணியில நைட்ரேட்னு ஒரு உப்பு ஏறியிருக்குது, கொதிக்க வெச்சாலும் போகாது, கொழந்தைக்கு ஆகாது" என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டேன். இனியாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது வாயில் வரவில்லை.

"இத்தனை வருசமா நல்லாத்தானுங்களே இருந்துச்சு" என்றாள் சுமதி. "எங்கிருந்துங்க வந்துச்சு அந்த உப்பு?"

"எங்க குப்பைமேட்டுல இருந்து, சாமி."

மாமா வாசற்படியில் நின்றிருந்தார். தோளில், இனியாவின் பாலுக்கென்று வழியில் வாங்கிக் காரில் வைத்திருந்த தண்ணீர்க் கேன். இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சுமதி தொட்டில் துணியை விலக்கிக் குழந்தையின் விரல் நகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ரெண்டு வருசமா எங்க கெழங்குக் காட்டுக்கு எரு சும்மாவே குடுக்கறீங்கன்னு, போற எடமெல்லாம் உங்களத்தானுங்க பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்."

அதே காரில் அவளையும் குழந்தையையும் ஏற்றி நாமக்கல்லுக்குப் போய்க் காட்டினோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தாய்ப்பால்தான் பெரும்பாலும் என்பதால் தப்பித்தது என்றார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று யாரும் பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் இனியா தூங்கினாள், சுமதி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இறங்கும்போது மட்டும், "கெணத்துத் தண்ணிய டெஸ்டுக்குக் குடுத்துப் பாருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மாமா அவள் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்தார். லேபுக்கு நானும் போனேன். கோழி லேபில் எப்போதும் தரும் அதே படிவம். கோழிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் மாமா ஒன்று என்று எழுதினார். வயது என்ற இடத்தில் பன்னிரண்டு நாள். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க இது, ஒரே ஒரு கோழிக்கா டெஸ்டு?"

"கோழி இல்லீங்க, கொழந்தை" என்றார் மாமா. "மனுசக் கணக்குல பாத்துச் சொல்லுங்க."

ரிப்போர்ட் வந்தது. குழந்தைகள் குடிக்க உகந்ததல்ல. குப்பைமேட்டை வாரிவிட்டாலும், இறங்கினது இறங்கினதுதான், நிலத்தடி நீர் தெளிய வருடக்கணக்காகும் என்றும் சொன்னார்கள். மாமா இரண்டு நகல் எடுத்தார். ஒன்றைச் சுமதி கையில் கொடுத்தார். இன்னொன்றைப் பண்ணையின் கேட்டில், எங்கள் பெயர்ப் பலகைக்கு அடியிலேயே, பசை தடவி ஒட்டினார். லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச் சொன்னேன். அவர் பிரித்தெடுத்து இன்னும் ஒரு முழம் கீழே இறக்கினார்.

"கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு வாரவங்களும் படிக்கோணுமல்லோ" என்றார்.